மாரிக்குப்பத்து ஷேக்கர்

கோலார் தங்கவயலில் நல்ல காக்டெய்ல் பார் எது என்று ராபர்ட்சன்பேட்டையில் கேட்டால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். ஒயின்ஸ் உண்டு, பார் அண்ட் ரெஸ்டாரண்ட் உண்டு. உட்கார்ந்து ‘ஒரு நைன்ட்டி’ என்றால் 90 மில்லி வரும், கூடவே கொஞ்சம் கடலையும் வரும். ஷேக்கர் குலுக்கும் ஆளை இந்த ஊரில் பார்க்க வேண்டுமானால் பகல் பதினொரு மணிக்கு மேல், அவர் தூங்கி எழுந்த பிறகு, வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மாரிக்குப்பம் பக்கம் ஒரு லைன் வீடு. சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கு இங்கே லைன் என்று பேர். அந்த வீட்டுத் தம்பி பெங்களூரில் ஒரு பெரிய பாரில் பார்டெண்டர். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பாவும் அங்கேதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸை மூடியபோது தம்பி கைக்குழந்தை. சுரங்கங்களுக்காக 1894-இல் போட்ட ரயில் பாதை மட்டும் மிச்சம். அதில்தான் ஊர் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கம்ப்யூட்டர் கம்பெனி, ஆஸ்பத்திரி, இப்போது பார்.

“வீட்ல சரக்கு தொடமாட்டேண்ணா, அம்மா திட்டும்” என்று சொல்லிவிட்டு நன்னாரி சர்பத்திலேயே தொழிலைக் காட்டினார். பையிலிருந்து இரண்டு ஸ்டீல் டின்கள், ஒரு பக்கம் 30, மறுபக்கம் 60 மில்லி பிடிக்கும் ஜிக்கர், ஒரு டீ வடிகட்டி. முதலில் எலுமிச்சைச் சாறு, அப்புறம் சர்பத். பாரிலும் இதே வரிசையாம். மலிவானது முதலில், விலை கூடிய சரக்கு கடைசியில். நடுவில் கை தவறினால் நஷ்டம் எலுமிச்சையோடு போய்விடும். ஐஸைப் போட்டு ஒரு டின்னுக்குள் இன்னொன்றைச் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு. தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினார். கலகலவென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி மழுங்கியது. “இந்த சத்தம் மாறுறப்ப நிறுத்தணும். விட்டா தண்ணியாயிடும்.” டின்னின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பழச்சாறோ முட்டை வெள்ளையோ சேர்ந்தால் குலுக்கல். வெறும் மதுவகைகள் மட்டும் என்றால் நீண்ட கரண்டியால் கலக்கல்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் பாட்டிலைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறவர்களைப் பற்றித் தம்பிக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எனக்கும் இல்லை.

அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “இதுக்கா இம்மாந் தூரம் போற?”

விரல் இடுக்குகளைக் காட்டினார் தம்பி. தோல் உரிந்து சிவந்திருந்தது. நாள் முழுக்க எலுமிச்சை அறுத்த விரல்கள். ஆசியாவின் சிறந்த 50 பார்கள் என்று வருடா வருடம் வரும் பட்டியலில் கோபிடாஸ், இஸட்.எல்.பி. 23 என்று பெங்களூர் பார்களும் ஏறியிருக்கின்றன. ஐஸ் பாளத்தின் மங்கலான பகுதியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, கண்ணாடிபோல் இருக்கும் கட்டியை மட்டும் எடுத்துக்கொடுக்கும் ஆளுக்குப் பட்டியலில் இடமில்லை. தம்பி முதல் ஒரு வருடம் அந்த வேலைதான் பார்த்தாராம். இந்தத் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை கொதித்த சுரங்கத்துக்குக் குளிர்ந்த காற்றை அனுப்ப மேலே பெரிய குளிரூட்டும் ஆலையே வைத்திருந்தார்கள். தாத்தா வேர்வையில் நின்றார், பேரன் ஐஸில் நிற்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் துரைமார்களுக்குப் பரிமாறும் பேரராக இருந்தவர். 1885-இல் தொடங்கிய கேஜிஎஃப் கிளப்பைப் பற்றிக் கேட்டேன். அது வெள்ளைக்கார அதிகாரிகளின் உலகம். நம் ஆட்கள் நெடுங்காலம் தட்டோடுதான் உள்ளே போக முடிந்தது. “சோட்டா பெக்குன்னா இவ்ளோ” என்று விரலை டம்ளர்மேல் வைத்து அளவு காட்டினார். அது ஏறக்குறைய இந்த ஜிக்கரின் 30. பிங்க் ஜின் எப்படி என்றதும் காலி டம்ளரைக் கையில் எடுத்தார். நாலு சொட்டு பிட்டர்ஸ் விட்டு, சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டி உதறிவிட்டு, அப்புறம் ஜின். இல்லாத பிட்டர்ஸைத் தரையில் உதறியபோது கை நடுங்கவே இல்லை. தம்பி வாய் பிளந்து பார்த்தார். “தாத்தா, இதை எங்க பாருல ஸ்பெஷல்னு விக்கிறாங்க!” அந்த கிளாஸ் ஒன்றின் விலையும் தம்பியின் ஒருநாள் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்பா எதுவும் பேசவில்லை. 2007-இல் கர்நாடக அரசு சாராயத்தை ஒழித்ததும் அவர் நைன்ட்டிக்கு மாறியவர். காக்டெய்ல் அவருக்குக் குழந்தைகள் குடிக்கிற ஜூஸ்.

கிளம்பும் முன் தம்பி தினமும் விரல்ரேகை வைத்துத்தான் பாருக்குள் போக வேண்டும் என்றார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1930-இல் கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் பதியச் சொன்னபோது, முடியாது என்று தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அவருடைய அப்பாவும் அதில் நின்றவராம். தம்பிக்கு இது புதுச் செய்தி. “ரேகை வைக்கலேன்னா லீவு போட்டுடுவாங்க தாத்தா” என்றார்.

மாலையில் தம்பி ஏறிய பெங்களூர் ரயிலில் நானும் ஏறினேன். பார் ஒரு மணிக்கு மூடும். துடைத்துக் கழுவி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் முதல் ரயில் வரும்வரை ஸ்டேஷன் பெஞ்ச். பெங்களூரில் எந்தப் பாருக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: எங்கே வேண்டுமானாலும் போங்கள். டிப்ஸை மட்டும் பில்லோடு சேர்க்காமல், கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் கையில் பணமாகக் கொடுங்கள். பில்லில் போட்டால் அவர் கைக்கு வந்து சேர நாளாகிறது.