மேம்பாட்டுப் பட்டியலின் கடைசி வரி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், முப்பத்தோரு வயது மின்வாரியப் பணியாளர் ஒருவர் தம் முதல் துப்பாக்கியை வாங்கச் சென்றார். அவர் விரும்பியது ஏஆர்-15 வகை ரைஃபிள். வேட்டைக்கு அன்று, வார இறுதிகளில் இலக்கு நோக்கிச் சுட்டுப் பழகுவதற்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும் இத்தகைய துப்பாக்கியைச் சாதாரணக் குடிமக்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன. அங்கோ, வணிகரிடம் படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறிவிட்டால், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

கடையில் அவரைத் தடுமாறச் செய்தவை சொற்களே. ‘ஏஆர்’ என்பது ‘தாக்குதல் துப்பாக்கி’ என்பதன் சுருக்கம் என்று அவர் எண்ணியிருந்தார். அது ஆர்மலைட் என்னும் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர் அங்கே பணியாற்றியபோது உருவான வடிவமைப்பின் உரிமையை 1959இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. 1960களில் அதன் பொதுமக்களுக்கான வடிவம் விற்பனைக்கு வந்தது. ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்பதில் உள்ள ‘செமி’யும் அவரைக் குழப்பியது. வெடித்த தோட்டாவின் வாயு அழுத்தமே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றுகிறது. அந்தப் பாதி தானாக நிகழ்வது. விசையோ ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டைத்தான் வெளியேற்றும். அந்தப் பாதி மனிதனுடையது. நம் நாளிதழ்கள் இரண்டையும் ‘தானியங்கித் துப்பாக்கி’ என்றே எழுதும்போது மறைந்துபோவது இந்த இரண்டாம் பாதிதான்.

தேர்வு அத்துணைக் கடினமாக இல்லை. 16 அங்குலக் குழலும் 5.56 அறையும் கொண்ட, நடுத்தர விலையுள்ள ஒன்றை வாங்கினார். 5.56 அறையில் .223 தோட்டாவையும் சுடலாம்; .223க்கென்றே அமைந்த அறையில் 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் வரம்பு மீறக்கூடும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைஃபிள் என்றால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனிப்பதிவு வேண்டும். இவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெருமிதம்.

துன்பம் மேம்பாட்டில் தொடங்கியது. இவ்வகைத் துப்பாக்கியின் உறுப்புகளைக் கழற்றி மாற்றுவது எளிது. ஆகவே துப்பாக்கி வந்த வாரமே பட்டியல் ஒன்று உருவாயிற்று: மென்மையான விசை, புதிய கைப்பிடி, சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி, புதிய தோள்கட்டை. முதலில் வந்தது தோள்கட்டை; அது பொருந்தவில்லை. அது செருகப்படும் குழாயில் ‘மில்-ஸ்பெக்’, ‘கமர்ஷியல்’ என இரண்டு விட்டங்கள் உண்டு. மில்-ஸ்பெக் என்பதைத் ‘தலைசிறந்தது’ என்று அவர் பொருள்கொண்டிருந்தார். அங்கே அது ஓர் அளவின் பெயர் மட்டுமே.

சுடுதளத்திலிருந்த முதிய பயிற்றுநர் பட்டியலை வாங்கிப் படித்தார். குறிநோக்கியைத் தவிர மற்றவற்றைத் தள்ளிப்போடச் சொன்னார். “ஆயிரம் தோட்டாக்கள் சுட்டுப் பழகுங்கள். அதற்குப் பிறகு எந்த உறுப்பு உங்களுக்குத் தடையாக இருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்” என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, “வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

வீட்டில் அவருடைய தம்பி இருந்தான். பதினாறு வயது. அந்த ஆண்டு பள்ளிக்குச் செல்வதைப் பாதியில் நிறுத்தியவன். பகலில் உறங்கி, இரவில் விழித்து, கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் விடையளிப்பவன். புதிய துப்பாக்கியோ படுக்கையறை அலமாரியில், ஆடைகளுக்குப் பின்னால் இருந்தது. பட்டியலின் கடைசி வரியில் ‘பூட்டுப்பெட்டி, பிறகு பார்க்கலாம்’ என்று அவரே எழுதியிருந்தார்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். கைத்துப்பாக்கியை விற்கும் வணிகர் பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்துத் தரவேண்டும் என்கிறது கூட்டரசுச் சட்டம். ரைஃபிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே கடையில் அந்தக் கேள்வி எழவில்லை. படிவம் வாங்குபவரைப் பற்றி நிறையக் கேட்டது; அவருடைய வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் சுடாமலே திரும்பினார். வழியில் எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கி, அலமாரிக்குள் சுவரோடு திருகிப் பொருத்தினார். தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியே பூட்டினார். திருகாணி முடுக்கும் ஓசை கேட்டு வந்த தம்பி வாயிலில் நின்று, “எனக்காகவா?” என்று கேட்டான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாம்” என்றார். தம்பி அகலவில்லை, உள்ளே வந்து தரையில் அமர்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் அன்றிரவு பேசினர்.

விசை மாற்றப்படவில்லை. கைப்பிடியும் பழையதே. முதல் துப்பாக்கி வாங்குவோர் எதை மாற்றலாம் என்று இப்போது அவரிடம் கேட்டால், தம் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கச் சொல்கிறார்.