தள்ளுபடியா, கொசுறா?

காய்கறி வண்டிக்காரரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். "கட்டுபடி ஆகாதுங்க அம்மிணி" என்பார். ஆனால் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவார். விலையைக் குறைத்தால் நாளைக்கும் அதே விலைக்குக் கேட்போம் அல்லவா? கொசுறு கொடுத்தால் விலையும் நிற்கும், நம் மனசும் குளிரும். அந்தக் கறிவேப்பிலையாவது ரசத்துக்கு ஆகும். இதே சாமர்த்தியம் இப்போது செல்போன் வழியாக நம் குழந்தைகளிடம் வந்திருக்கிறது. அங்கே கொடுக்கும் கொசுறு எதற்கு ஆகும் என்பதுதான் கேள்வி.

செல்போன் விளையாட்டுகளில் தங்கக் காசு, வைரம் என்று விற்கிறார்கள். நிஜ ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதை வைத்து அந்த விளையாட்டுக்குள்ளேயே சட்டை, தொப்பி, வண்டி என்று வாங்கலாம். மறுபடி ரூபாயாக மாற்ற வழி கிடையாது.

என் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். பீஸ் கணக்கில் கூலி. லீவுக்கு என்னிடம் வந்திருந்த பேரன், சைக்கிளுக்காக உண்டியலில் சேர்த்ததிலிருந்து 400 ரூபாய் கேட்டான். "முப்பது பர்சன்ட் போனஸ், அமுச்சி! இன்னைக்கு ராத்திரியோட முடிஞ்சுரும்" என்று ஒரே பறப்பு. மகளோ போனிலேயே, "நூறு ரூபாய்க்கு நான் எத்தனை பீஸ் தைக்கோணும்னு அவனுக்குத் தெரியுமாம்மா? கொடுக்காதீங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பதின்மூன்று வயசுப் பையன். இன்றைக்கு மறுத்தால் நாளைக்கு வேறொருவர் செல்போனில் வாங்குவான். கணக்கைக் கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும் என்று தோன்றியது.

அந்த விளையாட்டில் அன்று இரண்டு சலுகைகள் இருந்தன. ஒன்று, 400 ரூபாய்க்கு 400 காசு, கூடவே 30 சதவீதம் போனஸ். மற்றது, அதே 400 காசு 25 சதவீதத் தள்ளுபடியில். முப்பது பெரிசா, இருபத்தைந்து பெரிசா? அவன் முப்பது என்றான். "சரி கண்ணு, ஒரு காசு என்ன விலைன்னு போடு பார்க்கலாம்" என்று நோட்டைக் கொடுத்தேன். போனஸில் 400 ரூபாய்க்கு 520 காசு. ஒரு காசு ஏறக்குறைய 77 பைசா. தள்ளுபடியில் 300 ரூபாய்க்கு 400 காசு. ஒரு காசு 75 பைசா. அவன் ஆசைப்பட்ட வண்டியின் விலையோ 400 காசுதான். போனஸ் வாங்கினால் 120 காசு செல்போனுக்குள் தங்கும். அதற்கு அங்கே ஒரு தொப்பிகூட வராது. மேலும் பணம் போட்டால்தான் வரும். தள்ளுபடியில் வாங்கினால் 100 ரூபாய் உண்டியலில் தங்கும். தள்ளுபடியிலேயே வாங்கிக்கொண்டான். மீதி நூறு ரூபாயை அவன் கையாலேயே உண்டியலில் போட்டான்.

இந்தக் கணக்கைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். 20 சதவீதத் தள்ளுபடிக்குச் சமம் 25 சதவீதப் போனஸ். 50 சதவீதத் தள்ளுபடிக்குச் சமமாக வேண்டுமானால் போனஸ் 100 சதவீதம் இருக்க வேண்டும். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்களே, அதற்கு ஈடான போனஸ் ஏறக்குறைய 43 சதவீதம்! படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கைக்குத் தடவும் லோஷனைக் 'கூடுதல் அளவு' என்று விற்றபோது, அதற்குச் சமமான விலைக்குறைப்பில் விற்றதைவிட 73 சதவீதம் அதிகமாகப் போயிற்றாம்.

நம் கோயமுத்தூர்ப் பக்கம் போனஸ் என்ற வார்த்தைக்கே ஒரு மயக்கம் உண்டு. மில் ஊர் அல்லவா! தீபாவளிக்கு முன்னால் மில்லில் போனஸ் போட்டால்தான் ஒப்பணக்கார வீதியில் துணி எடுக்கக் கூட்டம் சேரும். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது சட்டம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தப் போனஸ் உழைத்தவர் கைக்கு ரூபாயாக வந்தது. துணியும் எடுக்கலாம், கடனும் அடைக்கலாம். செல்போன் போனஸ் கொடுத்தவன் கடையை விட்டு வெளியே வராது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. பிள்ளைகளின் சாதாரண விளையாட்டுகள் அதில் சேராது. அதே வருஷம் மார்ச்சில் ஐரோப்பிய யூனியன், விளையாட்டுக் காசில் விலை சொன்னால் நிஜப் பணத்திலும் சொல்ல வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. நம் வீட்டில் அந்த நெறிமுறையை நாமே வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை காசு நிஜமாக வேண்டும்? கொடுக்கும் ரூபாயை வரும் மொத்தக் காசால் வகுத்தால் ஒரு காசு என்ன விலை? மிச்சம் எங்கே தங்கும், நம்மிடமா அவர்களிடமா? மொத்தக் காசும் நிச்சயம் செலவாகும், போனஸும் இரட்டிப்பு என்றால், அது பாதி விலைதான், தாராளமாக வாங்கட்டும். செல்போனில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்டபிறகே வாங்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு மட்டும் அம்மாவிடமே இருக்கட்டும்.