மூடிக்கு அடித்த பெயின்ட்

விசுவகர்மா பூஜைக்கு முதல் நாள். எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒரு பையன் டீசல் ஜெனரேட்டருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். தகடு, சக்கரம், கைப்பிடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு இழுப்பு. பிரஷ் டாங்க் மூடிப் பக்கம் போனபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்கு மட்டும் வேண்டாம்ப்பா" என்றேன், என் அரைகுறை வங்காளத்தில். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கொல்கத்தாவில் டீக்கடைக்கு ஒரு கிழவர் இப்படி யோசனை சொல்ல இருப்பார். அப்படிப்பட்டவர்களைப் பார்ப்பதற்கென்று ஒரு பார்வை உண்டு.

வங்காளத்தில் பெரும்பாலான பூஜைகள் திதி பார்த்து முன்னே பின்னே நகரும். விசுவகர்மா சூரியக் கணக்கு. பாத்ரோ மாதத்தின் கடைசி நாள், அதாவது நம் ஆவணிக் கடைசி. செப்டம்பர் 17, சில ஆண்டுகளில் 18. யானை மேல் உட்கார்ந்திருக்கும் மீசை வைத்த இளைஞர். நம் ஊர்ப் படங்களில் வரும் தாடிக்காரத் தாத்தா இல்லை. ஆயுத பூஜைக்கு நாம் சந்தனமும் குங்குமமும் வைத்து விடுவோம். இங்கே கழுவித் துடைத்து, கையில் காசிருந்தால் பெயின்டும் அடிப்பார்கள். அன்றைக்கு ஊர் முழுக்கப் பட்டம். பெயின்ட் வாடையும் பட்டமும் சேர்ந்து வந்தால் எனக்கு தாரகேஸ்வர் ரயில் லைனில் ஒரு வயல் ஞாபகத்துக்கு வந்துவிடும், கூடவே கொஞ்சம் வெட்கமும்.

1986இல் இங்கே ஒரு டிராக்டர் ஏஜென்சியில் சர்வீஸ் வேலைக்கு வந்தேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன், வங்காளத்தில் ஒரு சொல் தெரியாது. ஜாகை லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில். வாழையிலை, காப்பிப்பொடி, மல்லிகைப்பூ எல்லாம் அங்கேயே கிடைத்ததால் மொழி கற்கும் அவசரம் முதல் மாதம் வரவில்லை. வேலைக்கு இறங்கியபோதுதான் தெரிந்தது, பாதிச் சொற்கள் ஏற்கெனவே என் பையில் இருக்கின்றன என்று. நம் மேஸ்திரி அங்கே மிஸ்திரி. சாவி, சாபி. ஜன்னல், ஜானாலா. டீசல் வைக்கும் பீப்பாய், பீப்பே. இரண்டு கரையிலும் போர்ச்சுகீசியர்கள் இறக்கிவிட்டுப் போன சரக்கு. பாரசீகத்திலிருந்து வந்த ஒன்றும் இருந்தது: 'தொம்'. நம் 'தம்'தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் தொம், மாடி ஏறினால் வாங்குவதும் தொம், இழுக்காத எஞ்சினுக்கு இல்லாததும் தொம்.

"தொம் நெய்." நவம்பரில் ஹூக்ளி மாவட்டத்திலிருந்து வந்த பெரியவர் புகார்ப் புத்தகத்தில் எழுத வைத்தது அவ்வளவுதான். தம் இல்லை. முப்பத்தைந்து குதிரைசக்தி வண்டி. காலையில் நன்றாகக் கிளம்புகிறது. அரை மணி உழுததும் சோர்கிறது, பிறகு அணைகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்புகிறது.

நெல் அறுத்த தாளடியை உழுது உருளைக்கிழங்கு நடும் காலம் அது. நவம்பர் தாண்டினால் நடவு பிந்தும். பிந்திய பயிரைப் பனியும் மூட்டமும் சேர்ந்து கருக வைக்கும், 'தசா' என்பார்கள். ஊர் முழுக்க ஜ்யோதியும் சந்திரமுகியும் பற்றியே பேச்சு. இரண்டும் உருளைக்கிழங்கு ரகங்கள். (சந்திரமுகி என்றதும் தமிழர்களுக்கு எழும் படம் வேறு, அது வர இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தது.) பெரியவர் கடன் வாங்கி வண்டி எடுத்து, பிகா கணக்கில் அக்கம்பக்கத்துக்கு உழுது கொடுப்பவர். ஒரு பிகா என்பது ஏக்கரில் மூன்றில் ஒன்று. வண்டி ஒருமுறை நின்றால் வரிசையில் இருக்கும் அடுத்தவன் வேறு டிராக்டரைத் தேடிப் போய்விடுவான்.

முதல் நாளே புகைக்குழாயைப் பார்த்தேன். டீசல் வண்டி பேசுவது அங்கேதான். கறுப்பாகக் கக்கினால் டீசல் அதிகம், காற்று கம்மி. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. இந்த வண்டி சோரும்போது கலப்பை மண்ணில் அழுந்தியிருந்தும் புகையே இல்லை. அப்படியென்றால் எஞ்சினில் கோளாறு இல்லை, அதற்குச் சோறு போய்ச் சேரவில்லை. இதுவரை நான் புத்திசாலி.

டீசல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். முக்கால் டாங்க் இருந்தது. மூடினேன். ஃபில்டர் தலையிலிருந்த ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்தேன். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு கண்ணாடிக் கம்பிபோல டீசல். ஏர் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, காப்பர் வாஷரெல்லாம் மாற்றி, ஃபில்டரும் புதிதாகப் போட்டேன். வண்டி கிளம்பியது. அரை மணி ஓடியதையும் நின்று பார்த்தேன். கிளம்பும் முன் பெரியவருக்கு ஓர் அறிவுரை வேறு: "தினமும் சாயங்காலம் டாங்கை முழுசா நிரப்பி வைங்க. காலி இடம் இருந்தா ராத்திரிப் பனியில உள்ளே தண்ணி கோக்கும்."

அறிவுரை சரியானதுதான். வங்காளத்து ஈரத்தில் டாங்கின் அடியில் தண்ணீர் நின்றால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் ஒரு பூஞ்சை வளரும். பழுப்பாக, கொழகொழவென்று வந்து ஃபில்டரை அடைக்கும். எத்தனையோ வண்டிகளில் வழித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வண்டிக்கு அந்த அறிவுரை விஷம்.

நான்காம் நாள் ஆள் வந்தது. இப்போது கால் மணிக்கே அணைகிறதாம். பெரியவர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: டாங்க் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது, பாதிக்குக் கீழே போனால் நன்றாக ஓடுகிறது. நான் சிரித்தேன். நிரம்பிய வயிற்றோடு பட்டினி கிடக்கும் வண்டி எங்கே உண்டு?

என் சித்தப்பா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். ஊரில் எங்கள் ஆயில் எஞ்சினுக்கு அவர்தான் வைத்தியர், பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு. எஞ்சின் படுத்தால் ஸ்பானரை எடுக்க மாட்டார், முதலில் டாங்கண்டை போய் நிற்பார். "வயலுக்குத் தண்ணி வரலேன்னா வயல்ல நின்னு வரப்பைக் கொத்துவியாடா? தலைப்புக்குப் போ. மதகு திறந்திருக்கான்னு பாரு. அங்கேருந்து வாய்க்காலோட நடந்து வா" என்பார். டெல்டாக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. டிப்ளமா படித்த நானோ வயலில் நின்றேன். ஃபில்டரிலிருந்து எஞ்சினை நோக்கி நடந்தேனே தவிர, டாங்கை நோக்கித் திரும்பவில்லை. விலை கூடின பாகத்தில்தான் கோளாறும் இருக்கும் என்று அந்த வயசில் ஒரு நம்பிக்கை.

அதனால் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றினேன். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஹவுரா வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அது ஏதோ விக்கிரகம் என்று நினைத்தாரோ என்னவோ, கால் படாமல் ஒதுங்கிக்கொண்டார். அவர் நினைத்ததில் தப்பில்லை. அந்தப் பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமயிரை நீளவாக்கில் பல கூறாக வகிர்ந்து ஒன்றை எடுத்தால் வரும் அளவு. அந்த இடுக்கில் டீசலை அழுத்தி, நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்பும். அந்த இடுக்குக்கு மசகும் டீசலேதான், தனியாக எண்ணெய் கிடையாது.

மல்லிக் பஜாரில் ஒரு பம்புக் கடை. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பெரிய சந்தை அது. கொல்கத்தாவில் திருடு போன கார் எங்கே என்று கேட்டால் எல்லாரும் வேடிக்கையாக அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். கடைக்குள் டீசல் நெடி. அன்றைய டீசலில் கந்தகம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்குப் பத்து பங்குதான். கந்தகத்தை எடுக்கும்போது டீசலில் இயல்பாக இருந்த வழவழப்பும் போய்விடுவதால், பம்பு தேயாமலிருக்க அதற்கென்று மருந்து கலக்கிறார்கள். இப்போது பங்க்கில் நின்றால் மூக்குக்கு ஒன்றும் எட்டுவதில்லை. எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருக்கிறது, நுரையீரலுக்கு இருக்காது.

கடை உஸ்தாத் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டினார். வரிசையாகத் தொங்கிய கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறியது, எல்லாவற்றிலும் ஒரே மட்டம். "பம்பு தேவலாம், பாபு. உன் வியாதி வேற எங்கேயோ" என்றார். கேலிபரேஷன் காசை மட்டும் குறைக்கவில்லை.

மத்தியானம் பக்கத்துத் தெருவில் பிரியாணி. 1856இல் லக்னோவை இழந்து மெட்டியாபுரூஸுக்கு வந்த நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த சமையல், அதில் உருளைக்கிழங்கு எப்படிப் புகுந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. கண்ணெதிரே ஹண்டி, மூடியைச் சுற்றி மாவு வைத்து அடைத்து, தம் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது என்று எழுத ஆசைதான். தட்டவில்லை. உருளைக்கிழங்கை இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ரயிலேறினேன்.

பம்பை மாட்டி, ஏர் எடுத்து, வண்டியை வயலில் இறக்கினோம். கால் மணி. அணைந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி டீயும் பொரியும் கொடுத்தனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை. நான் மூடியைத் திறந்தேன், 'உஸ்'. டீசல் நிறைய இருந்தது. வண்டி கிளம்பியது.

டிரைவர் இருபது வயசுப் பையன். நான் நிமிஷத்துக்கு ஒருமுறை டாங்கை எட்டிப் பார்ப்பது அவனுக்குச் சலிப்பாகிவிட்டது. மூடியைக் கழற்றி மட்கார்டு மேல் வைத்துவிட்டு, டாங்க் வாய்க்கு ஒரு துணியைச் செருகிக்கொண்டு போனான். நான் வரப்பில் உட்கார்ந்து வேறு வேலை தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரை மணி. ஒரு மணி. புகைக்குழாயில் இளங்கறுப்பாகப் புகை, சுமை இழுக்கும் எஞ்சினின் ஆரோக்கியமான புகை. இருட்டும்வரை ஓடியது.

மூடியை எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று சிவப்பு. "பெயின்ட் எப்ப அடிச்சது?" "விசுவகர்மா பூஜைக்கு." மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் ஒரு துளை இருக்க வேண்டும். டீசல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெயின்ட் அதன் மேல் தோல் கட்டியிருந்தது. செப்டம்பரில் அடைபட்டது, நவம்பரில் கனமான உழவுக்குப் போனபோதுதான் வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பெரியவரின் மனைவி இரும்பு வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். நம் பெண்கள் தாலிக்கொடியில் மாட்டிக்கொள்வதை அங்கே வளையலில் மாட்டுகிறார்கள். ஒரே குத்து.

பெரியவர் சொன்னதன் கணக்கு ரயிலில் திரும்பும்போதுதான் விளங்கியது. டாங்க் நிறைய இருந்தால் மேலே காற்றுக்கு மூன்று லிட்டர் இடம்தான். உழவில் இரண்டு லிட்டர் டீசல் போனால் அந்த மூன்று லிட்டர்க் காற்று ஐந்து லிட்டர் இடத்தில் விரிய வேண்டும்; அழுத்தம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்து, டாங்க் டீசலைத் தன் பக்கமே இழுத்துப் பிடிக்கும். டாங்க் பாதி காலி என்றால் இருபது லிட்டர் காற்றிருக்கும். இரண்டு லிட்டர் போவது அதற்கு உறைக்காது. ஒன்பதாம் வகுப்புப் பாயில் விதி. அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார், நான் சிரித்தேன், போதாததற்கு டாங்கை நிரப்பவும் சொன்னேன். டீசலில் குமிழி வந்ததும் அந்த இழுப்பால்தான். எங்கோ தளர்ந்த வாஷர் வழியே காற்றை உறிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி 'சரியானதும்' என் காப்பர் வாஷராலோ ஃபில்டராலோ இல்லை, டீசல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்ததால். அந்த 'உஸ்' என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

கேலிபரேஷன் காசைப் பெரியவரிடம் கேட்க மனம் வரவில்லை. என் சம்பளத்தில் கட்டினேன். மார்ச்சில் உருளை அறுவடையானதும் அவர் ஆள் ஒரு மூட்டை கொண்டுவந்து மெஸ்ஸில் இறக்கிவிட்டுப் போனான். சந்திரமுகி. இரண்டு வாரம் மெஸ்ஸில் தினமும் உருளைக்கிழங்கு பொரியல்; கூட இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

பட்டறைப் பையன் இதற்குள் மூடிக்கும் அடித்து முடித்திருந்தான். "ஏன் வேண்டாம்?" என்று இப்போதுதான் கேட்டான். நான் தாரகேஸ்வரில் தொடங்கினேன். மன்னார்குடிக்குப் போயிருப்பேன், அதற்குள் மாடியில் 'போ-கட்டா!' என்று கூச்சல். அறுந்த பட்டம் ஒன்று டிராம் கம்பி பக்கமாக மிதந்து இறங்கியது. அவன் பிரஷைப் போட்டுவிட்டு ஓடினான்.

பையைத் துழாவினேன். குண்டூசி இல்லை, பேனா முனை தடிமன். பெயின்ட் இன்னும் காயவில்லை. நகத்தால் துளையைத் தேடிச் சுரண்டினேன். சோறு பிசையும்போதும் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.