காமிராவுக்கு ரப்பர் கால்

எங்கள் குமாரபாளையத்துக்கு அக்கரையில் பவானி, நடுவில் காவிரி. என் மகன் ரிமோட் ஹெலிகாப்டரின் அடியில் சின்னக் காமிராவைக் கட்டி ஆற்றின் மேல் பறக்கவிட்டான். படமெல்லாம் ஒரே நடுக்கம்!

"ஏன் கண்ணு, மிக்ஸி அதிராம இருக்கத்தானே அடியில ரப்பர் கால் வச்சிருக்காங்க? உன் காமிராவுக்கும் வையேன்" என்றேன். ரப்பர் வைத்துக் கட்டினான். மறுநாள் படம் பளிச்சென்று வந்தது.

வந்த படத்தைப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. படித்துறையில் குளிக்கும் பெண்களின் முகம்கூடத் தெரிந்தது!

"அங்கே உன் அம்மா குளிச்சிருந்தா?" என்றேன். பேசாமல் அழித்துவிட்டான். பெண்களுக்குத் தெரியாமல் அந்தரங்கமாகப் படமெடுப்பது 2013 முதல் சட்டப்படியும் குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து படித்துறைப் பக்கம் ஹெலிகாப்டர் போவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளை இருந்தால் பாராட்டுங்கள். எடுத்த படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!