துக்க வீட்டில் என்ன சொல்வது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர் மனைவியை இழந்தார். வந்தவர்களெல்லாம் "தேவசித்தம்" என்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். ஆகவே, அழுவது அவிசுவாசம் அல்ல.

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நம்மவர்களோ துக்கச் சுவரொட்டியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோம். லாசருவின் சாவை இயேசுவும் நித்திரை என்றுதான் முதலில் சொன்னார். நித்திரை என்றால் விழிப்பும் உண்டு.

அந்த நம்பிக்கையைச் சொல்ல அவசரம் வேண்டாம். முதல் நாள் பக்கத்தில் உட்காருங்கள்; போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கூட்டம் கலைந்த பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.