வேர்வை ஆறட்டும்

காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் மூட்டையை இறக்கி, மண்டியில் கணக்கு முடிப்பதற்குள் விடிஞ்சிடும். அப்படியே தெப்பக்குளம் பக்கம் டீ குடிக்க நடந்தா, 1766-ல் சுவார்ட்ஸ் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கு.

1826 ஏப்ரல் 3 காலையில் இந்தக் கோட்டை ஆலயத்தில்தான் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தமிழில் ஆசி சொன்னார். புத்தூர் காலேஜுக்குப் பேர் வந்தது இவரால்தான். அதுக்கு முன்னே இங்கிலாந்தில் ஹாட்னெட் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தவர். எண்கோணக் கோபுரம் வைத்த அந்த ஆலயம் பல நூற்றாண்டுப் பழசு, குளிர் தேசத்துக் கட்டடம்.

ஆராதனை முடிந்து பங்களாவுக்குத் திரும்பியவர், குளிர்ந்த தண்ணீரில் குளிக்க இறங்கினார். எழுந்து வரவில்லை. வயசு 42. கண்டோன்மென்ட் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயத்தின் பக்கக் கதவுகளில் காற்று புகச் சாய்வாகப் பட்டைகள் அடிச்சிருக்கும். எல்லாத்தையும் திறந்துவிட்டா நம்மூர் மண்டபம் மாதிரி ஆயிடும். கட்டடத்தை வெயிலுக்குத் தோதா கட்டிட்டாங்க. உடம்பை அப்படிப் பழக்க முடியுமா?

பழகின உடம்பும் தாங்காதுங்க. எங்க பெரியப்பா ஒரு பங்குனி மதியம் ஏர் ஓட்டிட்டு வந்த சூட்டோட கிணத்துல குதிச்சார். அவ்வளவுதான். அவருக்குன்னு கல் ஏதும் நடலை. அந்தக் கிணறுதான் இருக்கு. அதைத் தாண்டும்போது அப்பா இன்னைக்கும் பேச்சை நிறுத்திடுவார்.

கோடை லீவுக்கு ஊருக்கு வர்றவங்களே, பம்புசெட்டுத் தொட்டி எங்கேயும் ஓடிடாது. கொஞ்ச நேரம் நிழல்ல உக்காருங்க. முதல்ல காலை நனைச்சுட்டு, அப்புறம் இறங்குங்க.