அம்மா பறித்த திராட்சை

திராட்சை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? தீபாவளிச் சமயத்தில் டவுன் கடையில் நிறுத்து வாங்கும் பழமும், பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும்தானே? எனக்கும் அப்படித்தான். ஒயின் செய்வதற்கென்று நல்ல திராட்சையைத் தேடிப் போய் வாங்குகிறவர்களும் உண்டு என்பதை 2019ஆம் ஆண்டு மார்ச் பள்ளி விடுமுறையில்தான் கண்டேன்.

மெல்பர்னில் குடியேறிவிட்ட என் தம்பி வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியப் பெரியவர். வயது எண்பதைத் தாண்டியவர். 1950களில் கப்பலேறி வந்து, ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் பிள்ளைகள், பேரன் பேத்திகளோடு வீட்டுக் கொட்டகையில் ஒயின் செய்வார். அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்கு அப்படிச் செய்யலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. நம் மலேசியாவிலோ உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நாளை திராட்சை வாங்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று அவர் அழைத்தபோது அம்மாவின் முகம் சுருங்கிற்று. காரணம் உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் அவர் கால்கள் லயத்தை நோக்கி வந்ததில்லை. 1988இல் சம்சு அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அம்மாவின் உளிதான் எங்களை ஆளாக்கியது.

பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் தம்பிதான் காரோட்டினான். தனியே இருக்க மனமில்லாமல் அம்மாவும் வந்தார். "ஆனா நான் எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மெல்பர்னுக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் உள்ள ஹீத்கோட் என்ற ஊருக்குப் போனோம். வழியில் பெரியவர் தம் அனுபவத்தைச் சொல்லி வந்தார். ஒப்பந்தப்படி ஒயின் ஆலைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் பழத்தைச் சிறு விவசாயிகள் வீட்டுக்காரர்களுக்கு விற்பார்களாம். யார் நல்ல பழம் தருகிறார் என்று நண்பர்களிடம் விசாரித்து, பிப்ரவரியிலேயே சொல்லி வைக்க வேண்டுமாம். விவசாயியிடம் அவர் நான்கு கேள்விகள் கேட்பார். என்ன ரகம்? சர்க்கரை எவ்வளவு? கடைசியாக மருந்து தெளித்தது எப்போது? பறிப்பது யார்? "விலை ஐந்தாவது கேள்வி" என்று சிரித்தார்.

மலிவு என்று கண்ட இடத்தில் வாங்கவும் முடியாதாம். பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அந்த நாட்டில் முதன்முதலாக 1877இல் ஜீலாங் பக்கத்தில் காணப்பட்டது. திராட்சைக் கொடியையே சாகடித்துவிடும் பூச்சி அது. அது இருக்கும் வட்டாரங்களிலிருந்து அனுமதியில்லாமல் பழத்தை வெளியே கொண்டுவரக் கூடாது.

தோட்டம் செம்மண் பூமி. வரிசை வரிசையாக ஷிராஸ் ரகக் கொடிகள். கடைத் திராட்சையைப் போலப் பருமனாக இல்லை. சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை. பிழிந்தால் சாறு வெளுப்பாக இருக்கிறது. ஒயினுக்குச் சிவப்பைத் தருவது தோல்தானாம்.

விவசாயி ஒரு சிறிய குழாய்க் கருவியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, வெளிச்சத்தில் பார்த்து, "24" என்றார். நூறு கிராம் சாற்றில் சுமார் 24 கிராம் சர்க்கரை என்று பொருள். பெரியவருக்கு அது போதவில்லை. வெயில் படும் குலை எப்போதும் இனிக்கும், ஒரு பழத்தை வைத்துத் தோட்டத்தை எடைபோடக் கூடாது என்றார். பல வரிசைகளில், இரு பக்கமும் பறித்துக் கசக்கி, சாற்றை உயரமான குவளையில் ஊற்றி, அதில் ஓர் அளவுகோலை மிதக்கவிட்டார்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்துவிட்டார்!

"இது நம்ம ஸ்டோருல பால் பாக்குற கோலு மாதிரியில்ல இருக்கு!"

உண்மைதான். பாலில் ரப்பர் கூடினால் கோல் அமிழும். சாற்றில் சர்க்கரை கூடினால் கோல் மேலெழும். அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி அதை எடுத்துச் சொன்னதும் பெரியவர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினார்.

அம்மா வாங்கிக்கொண்டார். பால்மரத்தைப் போலவே திராட்சையையும் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அன்று பறித்த இருபது பெட்டியில் ஆறு பெட்டி அம்மா பறித்தது. நிறுக்கும்போது வெறும் பெட்டியின் எடையை விவசாயி தாமாகவே கழித்தார். அம்மா தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ட நிறுவைகள் அப்படிப்பட்டவை அல்ல.

மொத்தம் 200 கிலோ. அதில் சுமார் 130 லிட்டர் ஒயின் கிடைக்குமாம். சூட்டில் பழம் தானாகவே நுரைக்கத் தொடங்கிவிடும் என்பதால் அன்று மாலையே நசுக்கியாக வேண்டும். கொட்டகையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது அம்மா தம்பியிடம், "இம்புட்டையும் யாரு குடிப்பாங்கன்னு கேளுப்பா" என்றார்.

"நான்கு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு" என்றார் பெரியவர். "சாப்பாட்டோடு ஒரு கிளாஸ். மேசையை விட்டு எழுந்தால் பாட்டிலை மூடிவிடுவேன்." அவர் மனைவி ஆமாம் என்று தலையசைத்தார்.

அம்மா பதில் சொல்லவில்லை. இரவு படுக்கும்போதுதான் பேசினார்.

"உங்கப்பா குடிச்சது என்னன்னு அவருக்கே தெரியாது. யாரு காய்ச்சினான், என்னத்தப் போட்டான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இந்த மனுஷன் ஒரு பழத்துக்கு நாலு கேள்வி கேக்குறாரு..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசகர்களே, குடிக்கு வக்காலத்து வாங்க இதை நான் எழுதவில்லை. அந்த ஒயினை நானும் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை. ஆனால் காசு கொடுத்து ஒரு பொருளை வாயில் வைக்குமுன் நான்கு கேள்வி கேட்கும் பழக்கத்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். எங்கள் லயங்களில் அந்தக் கேள்விகளை யாரேனும் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பா மிஞ்சியிருப்பார் என்ற நினைப்பு எனக்கு வராத நாளில்லை.

இப்போதும் டவுனுக்குப் போனால் அம்மா திராட்சைக் கடையில் நின்று, "கடைசியா எப்ப மருந்தடிச்சது?" என்று கேட்கிறார். கடைக்காரர் சிரிக்கிறார். அம்மா பதிலுக்காகக் காத்திருக்கிறார்.